யுனிமாக் கேம்பர்: காலையில் மட்டும் ஸ்டார்ட் ஆகாத சிக்கல்

ஜெர்மன் ராணுவம் கழித்துவிட்ட யுனிமாக் 1300எல் டிரக் இது. பாதி கேம்பராக (தங்கிப் பயணிக்கும் வண்டியாக) மாற்றிய நிலையில் என்னிடம் வந்தது. இரவு நின்றால் போதும், காலையில் ஸ்டார்ட்டர் ‘டக்’ என்பதோடு சரி. கேபிள் முனைகளைச் சுரண்டினேன், ஸ்டார்ட்டரைக் கழற்றிப் பார்த்தேன். புது பேட்டரி ஜோடியும் (இரண்டு 12 வோல்ட் பேட்டரி தொடராக, மொத்தம் 24 வோல்ட்) கொஞ்ச நாளில் படுத்துவிட்டது. இன்ஜின் ஓடும்போது மீட்டர் 28 வோல்ட் காட்டியதால் சார்ஜிங் மேல் சந்தேகமே வரவில்லை.

ஒரு பேட்டரியில் மட்டும் தண்ணீர் வற்றியிருந்ததுதான் துப்பு. தனித்தனியாக அளந்தேன்: வற்றியது 15.2, மற்றது 12.8. கூட்டினால் அதே 28! முந்தைய உரிமையாளர் ஃபிரிட்ஜுக்கான 12 வோல்ட்டை ஒரே பேட்டரியிலிருந்து உருவியிருந்தார். அதனால் அந்த பேட்டரி சார்ஜ் ஏறாமல் பட்டினி, இன்னொன்று அதிக சார்ஜில் கொதிப்பு.

அந்த ஒயரை வெட்டிவிட்டு, 24-ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டரை முழு ஜோடிக்கும் குறுக்கே மாட்டினேன். அப்புறம் இரண்டு பேட்டரியையும் பிரித்துத் தனித்தனியே சார்ஜ் ஏற்றினேன். இப்போது உறைபனியிலும் உடனே பிடிக்கிறது. கன்வெர்ட்டர் ஃபியூஸ் பேட்டரியை ஒட்டியே இருக்கட்டும்.