பித்தப்பையை எடுத்த பிறகு: மோஷன், எடை இரண்டையும் எப்படிப் பார்த்துக்கொள்வது?

பித்தப்பைக் கல்லுக்கு லேப்ராஸ்கோப்பி (சிறு துளை வழியாகப் பையை எடுக்கும் ஆபரேஷன்) முடிந்து வீட்டுக்கு வந்ததும் முதலில் வரும் கவலை, மோஷனே போகவில்லையே என்பதுதான். மயக்க மருந்து, வலிக்குத் தரும் டிரமடால் மாதிரி மாத்திரை, அரை வயிற்றுச் சாப்பாடு, படுத்தே கிடப்பது எல்லாம் சேர்ந்து குடலை மந்தமாக்கிவிடும். இரண்டு மூன்று நாள் ஆகலாம். முக்காதீர்கள். தண்ணீர் குடித்துவிட்டு வீட்டுக்குள்ளேயே அடிக்கடி நடங்கள், அப்படியும் போகாவிட்டால் மலமிளக்கி எடுக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். ஆனால் காற்றும் பிரியாமல், வயிறு உப்பி, வாந்தியும் வந்தால் காத்திருக்க வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

அப்புறம் சிலருக்கு அப்படியே தலைகீழாகும். என் அம்மாவுக்கு அதுதான் நடந்தது, சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் பாத்ரூமுக்கு ஓட வேண்டியிருந்தது, வெளியூர் போகவே பயந்தார். கொழுப்பைச் செரிக்க உதவும் பித்தநீரைக் கல்லீரல் எப்போதும்போலச் சுரக்கிறது, சேர்த்து வைக்கத்தான் பை இல்லை. அதனால் எந்நேரமும் அது குடலுக்குள் சொட்டிக்கொண்டே இருக்கும், பெருங்குடல் வரை அதிகமாகப் போய்விட்டால் அங்கே தண்ணீரைச் சுரக்க வைத்துப் பேதியாக்கும். பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் அடங்கிவிடும், சிலருக்கு மாதக்கணக்கில் இழுக்கும்.

அதுவரை மூன்று வேளைச் சாப்பாட்டை ஐந்தாகப் பிரித்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள். பூரி, பஜ்ஜி, பிரியாணி, வெறும் வயிற்றில் காபி எல்லாம் கொஞ்ச நாள் போகட்டும். பத்தியம் என்று எண்ணெயே இல்லாமல் மாதக்கணக்கில் ரசம் சாதம் மட்டும் போடுவார்கள், அது வேண்டாம், ஆள் இளைத்துப் பலம் போய்விடும். தாளிக்கும் ஒரு ஸ்பூன் எண்ணெய் இருக்கட்டும், இட்லி, மோர், பருப்பு, முட்டை, மீன் குழம்பு எல்லாம் ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பாருங்கள். ஓட்ஸ், வாழைப்பழம், கேரட், நிறையத் தண்ணீரோடு இசப்கோல் எல்லாம் மலத்தை இறுக்கும், ஆனால் ஒரேயடியாகக் கூட்டினால் வாயு பிடிக்கும். எதைச் சாப்பிட்டால் ஓட வைக்கிறது என்று நோட்டில் எழுதி வையுங்கள், எங்களுக்கு அதுதான் வழிகாட்டியது. ஒரு மாதம் தாண்டியும் நிற்காவிட்டால் டாக்டரிடம் அந்த நோட்டைக் காட்டுங்கள். பித்தநீரைப் பிடித்துக்கொள்ளும் கொலஸ்டிரமின் பவுடர் இருக்கிறது, தேவையென்றால் அவர் தருவார். மற்ற மாத்திரைகளை அதற்கு 1 மணி நேரம் முன்போ, 4 முதல் 6 மணி நேரம் கழித்தோதான் போட வேண்டும்.

எடையைத் தினமும் பார்க்காதீர்கள். வாரம் ஒருமுறை, காலையில், பாத்ரூம் போய் வந்த பிறகு பார்த்தால் போதும். முதல் சில வாரம் கொஞ்சம் குறையும். பிறகு ஏறுகிறவர்களும் உண்டு, வலிக்குப் பயந்து பல வருடம் ஒதுக்கிய வடையும் பரோட்டாவும் திரும்ப வருமில்லையா! நன்றாகச் சாப்பிட்டும் எடை இறங்கிக்கொண்டே போனாலோ, மலம் எண்ணெய்ப் பசையாக மிதந்தாலோ டாக்டரிடம் சொல்லுங்கள்.

காய்ச்சல், மஞ்சளாகும் கண், அடர்ந்த நிறத்தில் சிறுநீர், களிமண் நிறத்தில் மலம், தாங்க முடியாத வயிற்றுவலி, இதில் எது வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி போய்விடுங்கள், இரவாக இருந்தாலும் சரி.