மேடையிலிருந்து சீரியலுக்கு வரும் நடிகைக்கு

பதினெட்டு வருடம் மேடையில் நடித்துவிட்டுத்தான் நான் சீரியலுக்கு வந்தேன். முதல் நாளே மகனைப் பறிகொடுத்த தாய் வேடம். மார்பில் அடித்துக்கொண்டு அழுதேன். நாடகத்தில் கடைசி வரிசைவரை கலங்கவைத்த அழுகை அது. இங்கே உடைக்குள் மறைத்து வைத்திருந்த காலர் மைக்கில் என் கை விழ, ஒலிப்பதிவாளர் வலி தாங்காமல் ஹெட்போனைக் கழற்றினார். நான்கு டேக் வீண். அன்றிலிருந்து, மைக் எங்கே இருக்கிறது என்று தொட்டுப் பார்த்த பிறகே ஒத்திகைக்கு நிற்கிறேன். நீங்களும் அப்படியே பழகுங்கள்.

குரலைக் குறைக்கச் சொல்வார்கள். குறையுங்கள், ஆனால் மூச்சு அடிவயிற்றிலிருந்தே வரட்டும். சத்தத்தோடு சேர்த்து உணர்ச்சியையும் குறைத்துவிட்டால் வசனம் செத்துப்போகும்.

க்ளோஸ்-அப்பில் கண்தான் எல்லாம். எதிரில் நிற்பவரின் இரண்டு கண்களையும் மாறி மாறிப் பார்த்தால் உங்கள் விழி அலைவது திரையில் அப்பட்டமாகத் தெரியும். கேமராவுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு கண்ணை மட்டும் பாருங்கள். வீட்டில் மொபைலை முக உயரத்தில் வைத்து, ஒரே வசனத்தை மூன்று முறை பேசிப் பதிவுசெய்து பாருங்கள். எங்கே தேவையில்லாமல் புருவம் ஏறுகிறது என்று அதுவே காட்டிக்கொடுக்கும்.

என்னை அதிகம் படுத்தியது கன்டினியுட்டி, அதாவது ஷாட்டுக்கு ஷாட் அசைவு மாறாமல் பார்த்துக்கொள்வது. ஒரே காட்சியை முதலில் தூரத்திலிருந்து எடுப்பார்கள், அப்புறம் ஒவ்வொருவர் முகமாக. "போயிட்டு வா" என்ற வசனத்தில் ‘வா’வுக்கு வலது கையால் தண்ணீர் டம்ளரை எடுத்தேன் என்றால், அடுத்த ஷாட்டிலும் அதே கை, அதே ‘வா’. இல்லையென்றால் எடிட்டிங்கில் வெட்டு ஒட்டாது, உங்கள் நல்ல ஷாட்தான் தூக்கியெறியப்படும். நான் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன்: இடப்பக்கம் வசனம், வலப்பக்கம் கை என்ன செய்தது என்பது. உதவி இயக்குநர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடாதீர்கள்.

கதை வரிசையாகவும் எடுக்க மாட்டார்கள். ஒரு செட்டில் நடக்கும் காட்சிகள் எல்லாம் ஒரே நாளில் முடியும். காலையில் மரணம், மாலையில் கல்யாணப் பேச்சு. ஒவ்வொரு காட்சியின் தலைப்பிலும் ஒரு வரி எழுதுங்கள்: ‘இந்தப் பெண்ணுக்கு இதுவரை என்ன தெரியும்?’ அந்த ஒரு வரி என்னைப் பலமுறை காப்பாற்றியிருக்கிறது.

மார்க்கில், அதாவது நீங்கள் வந்து நிற்கத் தரையில் குறித்திருக்கும் இடத்தில், சரியாக நிற்க வேண்டுமா? மார்க்கில் நின்று, அங்கிருந்து பின்னோக்கி அடி எண்ணி நடந்து, தொடங்கும் இடத்தைப் பிடியுங்கள். ஷாட்டில் தரையைப் பார்க்கவே தேவையிருக்காது.

கிளிசரின் போடுவதில் தப்பே இல்லை. ஏழாவது டேக்கில் யாருக்கும் கண்ணீர் தானாக வராது.

வயதாகிவிட்டதே என்று தயங்குபவர்களுக்கு நடிகை ஏஞ்சலா லான்ஸ்பரியைச் சொல்வேன். மேடை நடிப்புக்காக, அமெரிக்க நாடக உலகின் பெரிய விருதான டோனியை நான்கு முறை வாங்கிய பிறகு, 1984-இல், 58 வயதில்தான் தன் பெரிய தொலைக்காட்சித் தொடரைத் தொடங்கினார். அது 1996 வரை ஓடியது. 2009-இல் மேடைக்காகவே ஐந்தாவது டோனியும் வாங்கினார்.

அதனால் மேடையை விட்டுவிடாதீர்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்போதே உங்கள் நாடகத் தேதிகளைச் சொல்லி, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சை நம்பி ஒரு நாடகத்தை நான் இழந்திருக்கிறேன்.