ஹோமியோபதி மருத்துவராகவும் ஊர்ப் பெரியவராகவும் வாழ்ந்தவரின் வரலாற்றை எழுதும் முறை: மகேந்திரலால் சர்க்காரை முன்வைத்து

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஹோமியோபதி மருத்துவராக இருந்துகொண்டே தம் நகரத்தின் பொதுவாழ்விலும் முன்னின்ற ஒருவரைப் பற்றி எழுத முனைவோர், மருத்துவத்துக்கு ஓர் அத்தியாயம், பொதுப்பணிக்கு இன்னோர் அத்தியாயம் என்று பிரித்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. அந்தப் பிரிவினை எழுதுவதற்கு வசதியானதே ஒழிய, வாழ்க்கையைக் காட்டுவதில்லை. கல்கத்தாவின் டாக்டர் மகேந்திரலால் சர்க்காரை (1833–1904) எடுத்துக்கொண்டால், அவர் மருத்துவத்தில் மேற்கொண்ட முடிவு அவருடைய பொதுவாழ்வின் போக்கையே மாற்றியதைக் காணலாம். எனவே இந்த வழிகாட்டி அவரையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறது.

முதலில் ஆண்டுவரிசைப் பட்டியல் ஒன்றைத் தயாரிக்க வேண்டும். ஒவ்வொரு செய்திக்கும் எதிரே, அது எங்கிருந்து கிடைத்தது, எழுதியவர் அதை நேரில் கண்டவரா, எத்தனை ஆண்டுகளுக்குப் பின் எழுதினார் என்பவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். சர்க்கார் ஹவுரா பகுதியிலுள்ள பாய்க்பாரா கிராமத்தில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையையும் பின்னர் தாயையும் இழந்து, கல்கத்தாவில் தாய்மாமன்மார் வீட்டில் வளர்ந்தார். ஹேர் பள்ளி, இந்துக் கல்லூரி ஆகியவற்றில் படித்துவிட்டு மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1863இல் எம்.டி. பட்டம் பெற்றார். இவ்வளவும் ஒரு பத்தியில் அடங்கும். இளமைப் பருவத்தை அதற்கு மேல் நீட்ட வேண்டிய தேவை பெரும்பாலும் இராது. வங்காள மொழி ஆவணங்களில் வங்காள நாட்காட்டியின் பங்காப்த ஆண்டு இருந்தால், அதைக் கிறித்தவ ஆண்டாக மாற்ற, ஏப்ரல் நடுவிலிருந்து டிசம்பர் வரையான நாட்களுக்கு 593ஐயும், ஜனவரியிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரையான நாட்களுக்கு 594ஐயும் கூட்டிப் பாருங்கள். இதைக் கவனிக்காததாலேயே ஒரே நிகழ்ச்சி இரண்டு நூல்களில் இரண்டு ஆண்டுகளில் நடப்பதாகத் தோன்றும்.

பட்டியல் முடிந்ததும், வாழ்க்கை திசைமாறிய இடத்தைத் தேடுங்கள். சர்க்காருக்கு அது 1867. அலோபதி முறையில் உயர்ந்த பட்டம் பெற்ற அவர், பிரிட்டிஷ் மருத்துவச் சங்கத்தின் வங்காளக் கிளை 1863இல் தொடங்கியபோது ஹோமியோபதியைக் கண்டித்துப் பேசியவர். பின்னர் மார்கன் என்பவர் ஹோமியோபதியின் தத்துவம் பற்றி எழுதிய நூல் மதிப்புரைக்காக அவர் கைக்கு வந்தது. கிழித்தெறியும் நோக்கத்தோடு படிக்கத் தொடங்கியவர், நேரில் பார்க்காமல் மறுப்பது முறையன்று என்று கருதி, கல்கத்தாவின் செல்வரும் ஹோமியோபதியைப் பரப்பியவருமான இராஜேந்திர தத்தரின் நோயாளிகளைக் கவனிக்கலானார். 1867 பிப்ரவரி 16 அன்று அதே சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில், நடைமுறையிலிருந்த மருத்துவத்தின் குறைகளைச் சுட்டி, ஹோமியோபதியைத் தோற்றுவித்த ஹானிமனின் முறையை ஆராய்ந்து பார்க்க வேண்டும் என்று கட்டுரை வாசித்தார். சக மருத்துவர்கள் கொதித்தெழுந்தனர். சங்கத்திலிருந்து ஒதுக்கப்பட்டார், நோயாளிகளும் சில காலம் வராமல் நின்றுபோனார்கள்.

இந்தக் காட்சியை எழுதும்போது எதிராளிகளை அற்பர்களாகக் காட்டும் ஆசை எழும். அதை அடக்கிக்கொண்டு, அவர்கள் சொன்ன காரணங்களை அவர்கள் சொற்களிலேயே தேடிப் படிக்க வேண்டும். மருந்தை மேன்மேலும் நீர்த்துப்போகச் செய்தால் அதன் ஆற்றல் கூடும் என்ற கொள்கையை ஏற்க மறுத்தவர்கள் வெறும் பொறாமைக்காரர்கள் அல்லர். நூறில் ஒரு பங்கு வீதம் பன்னிரண்டு முறை நீர்த்தால், மூலப்பொருளின் ஒரு மூலக்கூறுகூட எஞ்சுவது அரிது என்பது இன்று பள்ளிக் கணக்கு. ஹோமியோபதி மருந்துகள் வெற்று மருந்தைவிடக் கூடுதலாகப் பயன் தருவதற்கு நம்பத்தக்க சான்று இல்லை என்பதே இன்றைய அறிவியலின் பொதுவான முடிவு. இதை ஓரிடத்தில் தெளிவாக எழுதிவிட்டு, அப்பால் நகர்ந்துவிடுங்கள். பக்கத்துக்குப் பக்கம் தீர்ப்பு வழங்குவதும், மாறாக ஒவ்வொரு குணமடைதலையும் அற்புதமாக்குவதும் ஒன்றுபோலச் சலிப்பூட்டுபவை.

நோய் தீர்ந்த கதைகளைக் கையாள்வதுதான் இவ்வகை வரலாற்றில் கடினமான வேலை. அக்காலத்து ஹோமியோபதி மருத்துவர் எவரைப் பற்றிப் படித்தாலும், கைவிடப்பட்ட நோயாளி நான்கு குளிகைகளில் எழுந்து உட்கார்ந்த கதை ஒன்றாவது இருக்கும். அதைத் தள்ளவும் வேண்டாம், அப்படியே விழுங்கவும் வேண்டாம். அந்த நோய்க்கு அன்றைய மற்ற மருத்துவர்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். காலராவால் உடல் வற்றிக் கிடந்தவருக்கு இரத்தத்தை வெளியேற்றியதும், பாதரசக் கூட்டுப்பொருளான கலோமலைக் கொடுத்ததும் அந்த நூற்றாண்டில் நடந்தவைதாம். அத்தகைய சிகிச்சையோடு ஒப்பிட்டால், தீங்கு செய்யாத மருந்தும் அக்கறையான கவனிப்புமே நோயாளிக்கு நல்லவையாக இருந்திருக்கும். அறிவாளியான ஒரு மருத்துவர் ஏன் மனம் மாறினார் என்ற கேள்விக்கு இந்த ஒப்பீடு பெருமளவு விடை தருகிறது. மருந்துக்கு உரிய பெருமையையும் மருத்துவருக்கு உரிய பெருமையையும் வேறுபடுத்திக் காட்டவும் அது உதவும்.

அடுத்து, அவர் நடத்திய இதழ். ஒதுக்கிவைக்கப்பட்ட சர்க்கார் பேசுவதற்குத் தமக்கென ஒரு மேடை தேடி, 1868இல் ‘கல்கத்தா ஜர்னல் ஆஃப் மெடிசின்’ என்ற இதழைத் தொடங்கினார். நோயைப் போக்கி நலம் தருவது எதுவோ அதுவே மருந்து என்னும், பழைய ஆயுர்வேத ஆசிரியர் சரகரின் வாக்கு அதன் குறிக்கோளுரை. இந்தியர்களே அறிவியலைப் பயின்று ஆராய்வதற்கு ஒரு தேசிய நிறுவனம் வேண்டும் என்ற கட்டுரை 1869இல் வெளிவந்ததும் இதே இதழில்தான். மருத்துவச் சங்கம் அவரை வெளியேற்றியிராவிட்டால் இதழ் பிறந்திருக்குமா என்பது ஐயமே. மருத்துவரையும் பொதுவாழ்வினரையும் இணைக்கும் முடிச்சு இங்கே இருக்கிறது. வரலாறு எழுதுபவர் தம் முழு உழைப்பையும் 1867 முதல் 1876 வரையான இந்தப் பத்தாண்டுகளுக்குக் கொடுக்க வேண்டும்.

1869இன் அந்தக் கட்டுரை விடுத்த அழைப்பிலிருந்து, அதன் விளைவாக எழுந்த நிறுவனம் வரை போன பாதையைப் பணத்தின் வழியாகத் தொடர்ந்து செல்லுங்கள். நன்கொடைப் பட்டியல்கள் உலர்ந்தவைபோலத் தோன்றினாலும், யார் முன்வந்தார்கள், யார் ஒதுங்கினார்கள் என்பதை அவற்றைவிடத் தெளிவாகச் சொல்லும் ஆவணம் இல்லை. இந்திய அறிவியல் வளர்ச்சிச் சங்கம் 1876 ஜூலை 29 அன்று நிறுவப்படுவதற்கு முன், அடிப்படை அறிவியல் வேண்டுமா, வேலைவாய்ப்புத் தரும் தொழிற்கல்வி வேண்டுமா என்று கல்கத்தாவில் கடும் வாதம் நடந்தது. தொழிற்கல்வியை வற்புறுத்திய இந்தியன் லீக் என்ற அரசியல் அமைப்பின் தரப்பு வாதமும் எளிதில் தள்ளத்தக்கதன்று. பட்டதாரிகள் வேலையின்றித் திரிந்த நகரம் அது. தூய சவேரியார் கல்லூரியின் இயேசு சபைப் பாதிரியார் லாஃபோன், சர்க்காரின் பக்கம் நின்று, பின்னர் சங்கத்தில் ஆண்டுக்கணக்கில் இயற்பியல் விரிவுரைகளும் நிகழ்த்தினார். சர்க்கார் தம் மருத்துவக் கொள்கையைப் பரப்ப அந்தச் சங்கத்தைப் பயன்படுத்திக்கொள்ளவில்லை என்பதையும் மறவாமல் எழுதுங்கள்.

பதவிகளைப் பட்டியலாக அடுக்குவது வாழ்க்கை வரலாறு ஆகாது. 1883இல் பிரிட்டிஷ் அரசின் சி.ஐ.இ. என்னும் கௌரவப் பட்டம், 1887இல் கல்கத்தாவின் ஷெரிப் பதவி, வங்காளச் சட்டமன்ற உறுப்பினர் பதவி என்று எழுதிவிட்டு நகர்ந்தால் வாசகருக்கு ஒன்றும் விளங்காது. ஷெரிப் பதவி அதிகாரத்தைவிட மதிப்பையே தந்தது என்பதை ஒரு வரியில் விளக்கிவிட்டு, அவர் எடுத்த நிலைப்பாடுகளுக்கு இடம் கொடுங்கள். பெண்ணின் திருமண வயது பற்றிப் பிரம்ம சமாஜத் தலைவர் கேசவ் சந்திர சென் 1871இல் மருத்துவர்களிடம் கருத்துக் கேட்டபோது, பதினாறுக்குக் குறையக்கூடாது என்று சர்க்கார் எழுதினார். 1872இன் திருமணச் சட்டம் பதினான்கோடு நின்றுகொண்டது. கல்கத்தாவில் பெண்களுக்கு மருத்துவக் கல்லூரியின் கதவு மூடியிருந்த காலத்தில், பின்னாளில் அபலா போஸ் என அறியப்பட்ட மாணவி 1882இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்வதற்குத் துணைநின்றவர்களில் அவரும் ஒருவர். தோல்விகளையும் விடாதீர்கள்: 1878இல் அவரைக் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பிரிவில் சேர்த்தபோது, ஹோமியோபதிக்காரரோடு அமரமாட்டோம் என்று மற்ற உறுப்பினர்கள் மறுத்ததால் அவர் விலக நேர்ந்தது. பதினோராண்டுகள் கழிந்தும் பழைய காயம் ஆறவில்லை.

அவருடைய குரலைக் கேட்க விரும்புவோர் இராமகிருஷ்ண பரமஹம்சரின் உரையாடல் தொகுப்பைப் படிக்க வேண்டும். 1885இல் தொண்டைப் புற்றுநோயால் வருந்திய பரமஹம்சருக்குச் சிகிச்சையளித்த சர்க்கார், மணிக்கணக்கில் அமர்ந்து வாதிட்டதை மகேந்திரநாத் குப்தா குறித்து வைத்திருக்கிறார். பரமஹம்சரை மதித்த சர்க்கார், மனிதரைத் தெய்வமாக வணங்குவதை முகத்துக்கு நேரே மறுத்தார். ஆனால் குறிப்பெடுத்தவர் அடியவர். குருவே நடுநாயகமாக நிற்கும் அந்த நூலில் மருத்துவர் எதிர்வாதம் செய்பவராகவே வருவார். எனவே அங்குள்ள பேச்சைச் சர்க்கார் எழுதிய கட்டுரைகளின் தொனியோடு ஒப்பிட்ட பின்னரே மேற்கோள் காட்டுங்கள்.

முடிவை எங்கே நிறுத்துவது என்பதில் தமிழில் எழுதுவோருக்குத் தனிச் சோதனை ஒன்று உண்டு. சர்க்கார் 1904 பிப்ரவரியில் காலமானார். சென்னையில் படித்த சி.வி. இராமன் நிதித்துறை அதிகாரியாக 1907இல் கல்கத்தா சென்று, பௌபஜார் தெரு 210ஆம் எண்ணிலிருந்த சங்கத்தின் ஆய்வகத்தில், அலுவலக நேரம் போக எஞ்சிய பொழுதுகளில் உழைக்கத் தொடங்கினார். அப்போது சங்கத்தின் செயலராக இருந்தவர் சர்க்காரின் மகன் அமிர்தலால். 1928இல் இராமன் விளைவு கண்டறியப்பட்டதும் அங்கேதான். இதை முன்கூட்டியே நூலுக்குள் நுழைத்து, சர்க்கார் நோபல் பரிசுக்கு விதை ஊன்றியவர் என்று எழுதிவிட்டால், பேராசிரியர் பதவிகளுக்கான நிதி சேரவில்லையே என்று கடைசி ஆண்டுகளில் அவர் வெளிப்படையாகக் கொண்டிருந்த ஏமாற்றம் மறைந்துபோகும். ஆகவே அந்த ஏமாற்றத்தை அவருடைய கடைசி அத்தியாயமாகவே வைத்து, இராமனைப் பற்றிய செய்தியைத் தனியான பின்னிணைப்பில் சேருங்கள்.