தூக்கம் வராத ராத்திரிக்கு 23-ஆம் சங்கீதம்

மனசு கலங்கிக் கிடக்கும்போது ஜெபம் பண்ண வார்த்தை வராது, அந்த மாதிரி ராத்திரிகளுக்கு நான் செய்வதைச் சொல்கிறேன். பைபிளில் கர்த்தரை மேய்ப்பராகப் பாடும் 23-ஆம் சங்கீதம் மொத்தமே 6 வசனம்தான். சண்டே ஸ்கூலில் மனப்பாடம் பண்ணினது, அதுதான் சிக்கலே, கடகடவென்று ஒப்பித்துவிடுவோம். ஒரு மூச்சுக்கு ஒரு துண்டாகச் சொல்லிப் பாருங்கள்.

4-ஆம் வசனத்தில் நின்றுவிடுங்கள். அதுவரை 'அவர்', 'அவர்' என்று கர்த்தரைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்த தாவீது, மரண இருளின் பள்ளத்தாக்கு வந்ததும் 'தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர்' என்று நேராக அவரிடமே பேச ஆரம்பித்துவிடுகிறார். அங்கே உங்கள் பள்ளத்தாக்கின் பெயரைச் சொல்லுங்கள்: ஸ்கேன் ரிப்போர்ட், வட்டிக் கடன், எதுவானாலும். பூசி மெழுக வேண்டாம்.

நம்ம பக்கம் அறுப்பு முடிந்த வயலில் ராத்திரி ஆடுகளை அடைத்துக் கிடை போட்டிருப்பார்களே, பார்த்திருப்பீர்கள். ஆடு மேய்க்கும் கீதாரி ஆட்டை விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுப்பதில்லை; அங்கேயே கட்டிலைப் போட்டு, கம்பைக் கைக்கு எட்டும் தூரத்தில் சாய்த்து வைத்து, நாய் குரைத்தால் டார்ச்சை அடித்து ஒரு குரல் கொடுப்பார், ஆடுகள் அசைபோட்டபடி கிடக்கும். அம்மாவைப் பாளையங்கோட்டையில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்த நாட்களில் 'உமது கோலும் உமது தடியும்' என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்தக் கம்புதான் கண்ணில் வந்தது.

6-ஆம் வசனம் வரை போக முடியவில்லையா, பரவாயில்லை, நான் பாதி நாள் 4-லேயே தூங்கிவிட்டேன். அப்புறம், செல்போனில் படிக்காதீர்கள், அச்சிட்ட பைபிளையே தலைமாட்டில் வையுங்கள்; போனை எடுத்தால் வாட்ஸ்அப் கூப்பிடும்.