மரவள்ளி மாவும் மரக்கூழும்: வீட்டு அடுப்பிலேயே ஒரு பாலிமர் படலம்

பாலிமர் என்றதும் பெட்ரோலியம்தான் ஞாபகம் வரும். ஆனால் மரக்கட்டையில் இருக்கும் செல்லுலோஸும் கிழங்கில் இருக்கும் ஸ்டார்ச்சும் பாலிமர்கள்தான், இரண்டுமே குளுக்கோஸைக் கண்ணி கண்ணியாகக் கோத்த நீளச் சங்கிலிகள். கோத்திருக்கும் விதம்தான் வேறு. அதனால்தான் ஸ்டார்ச் வெந்நீரில் கூழாகிவிடுகிறது, செல்லுலோஸோ எவ்வளவு கொதிக்க வைத்தாலும் நாராகவே கிடக்கிறது. நாம் செய்யப்போவதில் ஸ்டார்ச் படலமாகும், மரநார் அதற்கு வலு கொடுக்கும்.

தேவையானவை: மரவள்ளி ஸ்டார்ச் 10 கிராம் (சேலம் பக்கம் ஜவ்வரிசி ஆலைகளில் தயாராகும் அதே மாவு, கிடைக்காவிட்டால் கார்ன்ஃப்ளார் போதும்), தண்ணீர் 100 மில்லி, மருந்துக்கடைக் கிளிசரின் 3 மில்லி, வாசனையோ நிறமோ சேர்க்காத வெள்ளை டிஷ்யூ பேப்பர் ஒன்று. டிஷ்யூ பெரும்பாலும் மரக்கூழில் செய்வது, நமக்கு வேண்டிய நார் அதில் தயாராக இருக்கிறது. வினிகர் ஒரு ஸ்பூன் விடச் சொல்லும் வீடியோக்கள் நிறைய உண்டு, விடலாம், விடாவிட்டாலும் படலம் வரும்.

முதலில் டிஷ்யூவைக் கிழித்து அந்த 100 மில்லி தண்ணீரிலேயே ஊறவைத்து, மிக்ஸியில் கட்டியில்லாமல் அடித்துக்கொள்ளுங்கள். அப்புறம் சூடேற்றாத அந்தத் தண்ணீரில் மாவையும் கிளிசரினையும் கரையுங்கள். வெந்நீரில் மாவைக் கொட்டினால் கட்டி தட்டிவிடும்.

கிளிசரினைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், இந்த வேலையின் சூட்சுமமே அதில்தான் இருக்கிறது. ஜவ்வரிசி வடாம் காய்ந்ததும் படக்கென்று உடைகிறதல்லவா, நம் படலமும் கிளிசரின் இல்லாவிட்டால் அப்படித்தான் உடையும். சங்கிலிகள் ஒன்றோடொன்று இறுகிப் பிடித்துக்கொள்வதுதான் காரணம். கிளிசரின் மூலக்கூறுகள் நடுவே புகுந்து அந்தப் பிடியைத் தளர்த்துகின்றன. 1870இல் அமெரிக்காவில் ஹயாட் சகோதரர்கள் காப்புரிமை வாங்கிய செல்லுலாய்டு என்ற பழைய பிளாஸ்டிக்கில், பஞ்சிலிருந்து செய்த நைட்ரோசெல்லுலோஸை வளையவைக்க இதே வேலையைச் செய்தது நம்மூர்ப் பூஜையறையில் இருக்கும் கற்பூரம்தான். அதற்காக 3 மில்லியை 6 ஆக்கிவிடாதீர்கள், படலம் பிசுபிசுத்து ஒட்டிக்கொள்ளும்.

சரி, அடுப்புக்கு வருவோம். தீயைக் குறைத்து, கை எடுக்காமல் கிளறுங்கள். சுமார் 65 டிகிரி தாண்டியதும் பால் போல இருந்த கலவை திடீரென்று கெட்டியாகி, வெள்ளை மங்கி, கண்ணாடித்தன்மை வரும். நார் இருப்பதால் முழுக்கத் தெளியாது. அந்த நிலையில் இன்னும் சில நிமிஷம் கிளறி இறக்குங்கள். சூடான கூழ் கையில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும், குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

குமிழிகள் அடங்க ரெண்டு நிமிஷம் விட்டு, எண்ணெய் லேசாகத் தடவிய 8 அங்குலத் தட்டில் ஊற்றி, தட்டைத் தரையில் மெல்லத் தட்டிச் சமப்படுத்துங்கள். சுமார் 3 மில்லிமீட்டர் உயரம் நிற்கும், காய்ந்ததும் அது மெல்லிய அட்டைத் தடிமனுக்கு வந்துவிடும். வெயிலில் வைக்க ஆசை வரும், வேண்டாம்: மேல்பக்கம் முந்திக் காய்ந்து சுருண்டு வெடிக்கும். நிழலில், காற்றோட்டமாக ஒன்றிரண்டு நாள் விடுங்கள். ஓரம் தானாகக் கிளம்பினால் உரிக்கலாம்.

டிஷ்யூ சேர்க்காமல் இன்னொரு தட்டும் போட்டுப் பாருங்கள். இரண்டிலும் ஒரே அகலத்தில் பட்டை வெட்டி இழுத்தால் நார் என்ன செய்கிறது என்று கையிலேயே தெரியும்: நார் இல்லாதது இழுக்க இழுக்க நீளும், நார் உள்ளது விறைப்பாக நின்று தாங்கும்.

செல்லுலோஸையே கரைத்துப் படலமாக்கினால் என்ன என்று கேட்கலாம். ஆலைகளில் செல்லோஃபேன் என்ற கண்ணாடித்தாள் அப்படித்தான் வருகிறது, ஆனால் அதற்குக் காஸ்டிக் சோடாவும் கார்பன் டைசல்ஃபைடும் வேண்டும். இரண்டாவது எளிதில் தீப்பிடிக்கிற நச்சு. வீட்டில் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

இந்தப் படலத்தில் சாம்பார் கட்டிக்கொண்டு போக முடியாது, தண்ணீரில் போட்டால் உப்பிக் கொழகொழத்துவிடும். புத்தக அடையாளப் பட்டை, காய்ந்த விதை போட்டுவைக்கச் சின்ன உறை, இவற்றுக்குச் சரி. ஈரம் படாமல் டப்பாவில் வையுங்கள். பூஞ்சை பிடித்தால் செடித்தொட்டி மண்ணில் புதைத்துவிட்டு, அடுத்த தடவை இன்னும் மெல்லிசாக ஊற்றுங்கள், சீக்கிரம் காயும்.