களத்திலிருந்து கடை வரை: இயற்கை அரிசி விற்பனையில் பிளாக்செயினைப் பயன்படுத்தும் முறை

மாப்பிள்ளைச் சம்பா, கருங்குறுவை, தூயமல்லி போன்ற பாரம்பரிய நெல்லை இயற்கை முறையில் விளைவித்து, அரைத்து, பையிலிட்டு விற்கும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்காக இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. அரிசி வந்த வழியை வாங்குபவருக்குக் காட்ட பிளாக்செயினை அமைக்க விரும்பும் நிறுவனம் எங்கிருந்து தொடங்க வேண்டும், எதற்குப் பணம் செலவிட வேண்டும், எதற்குச் செலவிடக் கூடாது என்பதைச் சொல்வதே இதன் நோக்கம்.

பிளாக்செயின் என்பது பலர் தனித்தனியே பிரதி வைத்திருக்கும் ஒரே கணக்குப் பேரேடு. ஒவ்வொரு பதிவும் தனக்கு முந்தைய பதிவின் ஹாஷ் என்னும் கணிதச் சுருக்கத்தைத் தன்னுள் கொண்டிருப்பதால், பழைய பதிவு ஒன்றை யாராவது ஓசையின்றித் திருத்தினால் அதற்குப் பின்வரும் சங்கிலி முழுவதும் பொருந்தாமல் போய், மற்றவர்களின் பிரதிகள் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். அதன் வலிமை இவ்வளவுதான். முதன்முதலில் எழுதப்பட்டது உண்மையா என்பதை அது அறியாது. அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தைச் சேர்ந்த தானிய வணிகர் ஒருவர் 2010 முதல் 2017 வரை சாதாரண மக்காச்சோளத்தையும் சோயாவையும் இயற்கை விளைபொருள் என்று சொல்லி, சுமார் 14.2 கோடி டாலர் மதிப்புள்ள தானியத்தை விற்றார்; 2019இல் அவருக்குப் பத்தாண்டுகளுக்கு மேற்பட்ட சிறைத்தண்டனை கிடைத்தது. அத்தனை ஆண்டுகளும் அவருடைய காகிதங்கள் ஒழுங்காகவே நகர்ந்தன. அந்தக் காகிதங்களையெல்லாம் பிளாக்செயினில் ஏற்றியிருந்தால், பொய் அழியாத பொய்யாக மாறியிருக்கும். வேறு பயன் இருந்திருக்காது. சான்றளிக்கப்பட்ட நிலம் எவ்வளவு, அது எவ்வளவு விளையக்கூடும், விற்றது எவ்வளவு என்ற மூன்றையும் யாரேனும் தொடர்ந்து ஒப்பிட்டிருந்தால் மட்டுமே ஏமாற்று முன்னதாகவே வெளிவந்திருக்கும். ஆகவே நமது உழைப்பின் பெரும்பகுதி வயலிலும் களத்திலும் அரவை ஆலையிலும் எடுக்கப்படும் எடைகளுக்கே போக வேண்டும்.

தொடங்குமுன் தீர்மானிக்க வேண்டியவை

உங்கள் நிறுவனமே நெல்லை வாங்கி, சொந்த ஆலையில் அரைத்து, சொந்தக் கடையில் விற்கிறது என்றால் பிளாக்செயின் தேவையில்லை. ஒரு நல்ல தரவுத்தளமும் நேர்மையான தணிக்கையும் போதும். ஒருவரை ஒருவர் முழுமையாக நம்ப வேண்டிய அவசியமில்லாத பல தரப்பினர், அதாவது உழவர் குழு, வெளியார் ஆலை, கிடங்கு, சான்றிதழ் அமைப்பு, வெளியூர் விற்பனையாளர் ஆகியோர், ஒரே கணக்கில் எழுத வேண்டிய இடத்தில்தான் அது பொருள்படும். அந்தத் தரப்பினர் உண்மையிலேயே எழுத முன்வருவார்களா என்பதை மென்பொருள் வாங்குவதற்கு முன்பே கேட்டு எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். மெர்ஸ்க், ஐபிஎம் ஆகிய இரு பெரும் நிறுவனங்கள் சேர்ந்து கப்பல் சரக்குக்காக நடத்திய டிரேட்லென்ஸ் என்னும் பிளாக்செயின் தளத்தை மூடுவதாக 2022 நவம்பரில் அறிவித்தபோது, துறை முழுவதன் ஒத்துழைப்பு கிடைக்கவில்லை என்பதே காரணமாகச் சொல்லப்பட்டது. அவர்களுக்கே நேர்ந்தது நமக்கும் நேரலாம்.

பிளாக்செயின் எந்தச் சான்றிதழுக்கும் மாற்றாகாது. ஏற்றுமதி செய்வதானால் 2001இல் தொடங்கிய தேசிய இயற்கை உற்பத்தித் திட்டத்தின் கீழ் சான்று பெற்றாக வேண்டும். தமிழ்நாட்டில் அரசின் விதைச்சான்று மற்றும் அங்ககச்சான்றுத் துறை கோயம்புத்தூரிலிருந்து அப்பணியைச் செய்கிறது. ஆண்டுப்பயிருக்கு விதைப்பதற்கு முன் இரண்டு ஆண்டுகள் மாறுதல் காலமாகக் கழிய வேண்டும். உள்நாட்டு விற்பனைக்கு உழவர்கள் குழுவாக ஒருவர் நிலத்தை ஒருவர் ஆய்வுசெய்யும் பங்கேற்பு உத்தரவாத முறையும் செல்லும். ஆனால் அச்சான்றைக் கொண்டு வெளிநாட்டுக்கு அனுப்ப இயலாது. ஏற்றுமதிச் சரக்கின் வழித்தடத்தை, மத்திய அரசின் வேளாண் ஏற்றுமதி வளர்ச்சி அமைப்பான அபெடாவின் டிரேஸ்நெட் இணையத்தளம் 2010 முதல் பதிவுசெய்துவருகிறது. அது பிளாக்செயின் இல்லாமலேயே இயங்கும் மையத் தரவுத்தளம். உங்கள் அமைப்பில் பயன்படும் உழவர் குறியீடும் சரக்கு எண்ணும் டிரேஸ்நெட்டில் உள்ளவற்றோடு பொருந்துமாறு முதல் நாளிலேயே அமைத்துவிடுங்கள். இல்லையேல் ஒரே மூட்டைக்கு இரண்டு கணக்குகள் உருவாகி, எது சரி என்ற கேள்வி தணிக்கை நாளில் எழும்.

எடைக் கணக்கு

ஒவ்வொரு வயலுக்கும் ஓர் எண் கொடுங்கள். புல எண், பரப்பு, எல்லையின் ஜிபிஎஸ் புள்ளிகள், அண்டை வயல்களில் ரசாயனம் தெளிக்கப்படுகிறதா, இடையே உயிர்வேலி உள்ளதா என்பவை அந்த எண்ணின் கீழ் வர வேண்டும். அறுவடைக்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு முன், உழவர் அல்லாத இன்னொருவர் வயலைப் பார்த்து மகசூல் மதிப்பீட்டை எழுதிவிட வேண்டும். இந்த ஒரு பதிவு மிகவும் முக்கியமானது; ஏனெனில் இதை அறுவடைக்குப் பின் எழுதினால் வந்த எடைக்கேற்ப மதிப்பீடும் வளைந்துவிடும். எழுதிய நேரம் மாற்ற முடியாதபடி நிற்பதால், பிளாக்செயின் தன் கூலியை உண்மையிலேயே ஈட்டும் இடம் இதுதான். இரண்டு ஏக்கர் பாரம்பரிய நெல் வயலிலிருந்து ஆறு டன் வந்ததாக யாராவது பதிந்தால், அமைப்பு அதை ஏற்காமல் நிறுத்திவைத்து ஆய்வாளருக்குத் தெரிவிக்க வேண்டும்.

களத்தில் எடை போடும்போது ஈரப்பதத்தையும் சேர்த்தே பதியுங்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். 20 சதவீத ஈரத்தில் 1,000 கிலோவாக எடைபோட்ட நெல்லை 14 சதவீதத்துக்குக் காயவைத்தால் ஏறத்தாழ 930 கிலோதான் நிற்கும். ஈரப்பதத்தை எழுதாவிட்டால், இயல்பாகக் குறைந்த அந்த 70 கிலோ திருட்டைப் போலத் தோன்றி உழவரை அவமதிப்புக்கு உள்ளாக்கும். அல்லது அந்த 70 கிலோ இடைவெளியில் வேறு நெல்லைக் கலந்து நிரப்ப ஒருவருக்கு வழி கிடைக்கும். இரண்டுமே நடக்கக் கூடாதவை.

அரவை ஆலையில் இதே கணக்கு இன்னும் கூர்மையாகிறது. அந்த 930 கிலோவைத் தீட்டி அரைத்தால் குருணை உட்பட 600 முதல் 650 கிலோ வரை அரிசி எதிர்பார்க்கலாம். உமியை மட்டும் நீக்கினால் 700 கிலோவைத் தாண்டலாம். எனவே எவ்வகை அரவை, புழுங்கலா பச்சையா என்பவற்றைப் பதியாமல் வெளிவந்த எடையை மட்டும் பதிவதில் பயனில்லை. அரிசி, குருணை, தவிடு, உமி ஆகிய நான்கின் எடைகளையும் பதிந்து, கூட்டுத்தொகை உள்ளே சென்ற நெல்லோடு ஏறக்குறைய ஒத்துவருகிறதா என்று அமைப்பே சரிபார்க்கட்டும். ஒவ்வொரு ரகத்துக்கும் உங்கள் ஆலையில் சில முறை அரைத்துப் பார்த்து, அதிலிருந்து வரம்பை நிர்ணயிப்பதே சரி.

பெரும்பாலான ஆலைகள் காலையில் சாதாரண நெல்லையும் மாலையில் இயற்கை நெல்லையும் அரைப்பவை. முந்தைய அரவை எப்போது முடிந்தது, எந்திரம் எவ்வாறு சுத்தம் செய்யப்பட்டது, முதலில் வெளிவந்த எத்தனை கிலோ சாதாரண அரிசியாக ஒதுக்கப்பட்டது என்பவை தனிப்பதிவாக வேண்டும். கிடங்குக்கும் இதே கண்டிப்பு வேண்டும். 2020இல் இந்திய எள்ளில் எத்திலீன் ஆக்சைடு என்னும் கிருமிநாசினி எஞ்சியிருந்தது ஐரோப்பாவில் கண்டறியப்பட்டு, பெரும் அளவில் பொருள்கள் திரும்பப் பெறப்பட்டன. அது வயலில் தெளிக்கும் மருந்து அன்று. அறுவடைக்குப் பின் கையாளும் கட்டத்தில் பயன்படுவது. நெல்லைப் பொறுத்தவரை, வாடகைக் கிடங்குகளில் வண்டுக்கு வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையே பெரிய ஆபத்து. எந்த அறையில், யாருடைய சரக்குக்கு அருகில், எத்தனை நாள் நம் மூட்டைகள் இருந்தன என்பதைப் பதியாத சங்கிலி பாதியில் அறுந்த சங்கிலி.

பதிவை அமைக்கும் விதம்

நிகழ்ச்சிகளை எழுதும் வடிவத்தை நீங்களே கண்டுபிடிக்க வேண்டாம். எது, எப்போது, எங்கே, எதற்காக என்ற கேள்விகளுக்கு விடையளிக்கும்படி, பொருள்களின் பட்டைக்குறியீட்டுத் தரங்களை வகுக்கும் ஜிஎஸ்1 என்னும் சர்வதேச அமைப்பு உருவாக்கியுள்ள இபிசிஐஎஸ் தரநிலை உள்ளது, அதன் 2.0 பதிப்பு 2022இல் வெளியானது. அதைப் பின்பற்றினால் நாளை வேறு மென்பொருளுக்கு மாறினாலும் தரவு உங்களோடு வரும்.

எல்லாவற்றையும் சங்கிலியில் ஏற்றுவது தவறு. உழவரின் பெயர், தொலைபேசி எண், புல எண், வங்கி விவரம் ஆகியவை சாதாரணத் தரவுத்தளத்திலேயே இருக்கட்டும். சங்கிலியில் குறியீட்டு எண் மட்டும் போதும். தன்னைப் பற்றிய தரவை அழிக்கக் கோரும் உரிமையை 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் குடிமகனுக்கு அளிக்கிறது. அழிக்கவே முடியாத ஏட்டில் பெயரை எழுதிவிட்டு அந்த உரிமையை மதிக்க இயலாது. சான்றிதழ், ஆய்வக அறிக்கை, எடைச்சீட்டின் படம் போன்ற கோப்புகளையும் வெளியே வைத்து, அவற்றின் ஹாஷை மட்டும் ஏற்றுங்கள். ஹாஷ் கணக்கிடும் எஸ்எச்ஏ-256 முறையில் எவ்வளவு பெரிய கோப்பும் 64 எழுத்துகளாகச் சுருங்கும். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த 64 எழுத்துகளும் அடையாளம் தெரியாமல் மாறிவிடும்.

நான்கைந்து தரப்பினர் சேர்ந்து நடத்த முடியுமானால், ஹைப்பர்லெட்ஜர் ஃபேப்ரிக் போன்ற, அனுமதி பெற்றவர்கள் மட்டும் எழுதும் திறமூல வலையமைப்பு பொருத்தமானது. அப்போது ஆலை, சான்றிதழ் அமைப்பு, விற்பனையாளர் ஆகியோர் தத்தம் கணினியில் பிரதி வைத்திருக்க வேண்டும். எல்லாப் பிரதிகளும் ஒரே மென்பொருள் நிறுவனத்தின் சர்வரில் இருந்தால் அது அந்நிறுவனத்தின் நாட்குறிப்பு மட்டுமே. சிறிய நிறுவனங்களுக்கு என் பரிந்துரை வேறு: சாதாரணத் தரவுத்தளத்திலேயே கணக்கை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நாளின் பதிவுகள் அனைத்துக்கும் சேர்த்து ஒரு ஹாஷை மட்டும் எத்தீரியம் போன்ற, யார் வேண்டுமானாலும் பயன்படுத்தக்கூடிய பொதுச் சங்கிலியில் பதிந்துவிடுங்கள். செலவு மிகக் குறைவு. 2022 செப்டம்பரில் பதிவுகளை உறுதிசெய்யும் முறை மாறிய பின் எத்தீரியத்தின் மின்நுகர்வும் 99 சதவீதத்துக்கு மேல் குறைந்துவிட்டது. இயற்கை வேளாண்மையை மதிப்பவர்களுக்கு இதுவும் ஒரு காரணம்தான்.

பதிவில் கையொப்பமிடும் சாவி, அதாவது ஒப்புதலுக்கான ரகசிய மின்னணுக் குறியீடு, யாரிடம் இருக்கிறது என்பதில் சமரசம் வேண்டாம். களப்பணியாளர் ஒருவரே நூறு உழவர்களுக்காகவும் ஒரே கைப்பேசியில் ஒப்புதல் அளிப்பது பரவலான வழக்கம். அது அமைப்பின் உயிரையே எடுத்துவிடும். களப்பணியாளர் எடையைப் பதிந்ததும் உழவரின் கைப்பேசிக்குத் தமிழில் குறுஞ்செய்தியோ குரல் அழைப்போ சென்று, அவர் ஒப்புக்கொண்ட பின்பே பதிவு நிறைவடைய வேண்டும். வயலில் இணைப்பு கிடைக்காதபோது கைப்பேசியிலேயே சேமித்துப் பிறகு அனுப்பலாம். ஆனால் நிகழ்ந்த நேரம், பதிவான நேரம் ஆகிய இரண்டும் தெரிய வேண்டும். பிழை நேர்ந்தால் அழிக்க இயலாது என்பதால், காரணம் குறித்த திருத்தப் பதிவு ஒன்றைச் சேர்க்கும் வழியை எல்லோருக்கும் கற்றுக்கொடுங்கள்.

பையின் மேல் உள்ள குறியீடு

கடையில் பையை எடுப்பவர் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால், ரகம், விளைந்த ஊர், அறுவடை மாதம், அரவைத் தேதி, சான்று எண், பூச்சிமருந்து எச்சப் பரிசோதனை முடிவு ஆகியவை ஒரே பக்கத்தில் தெரிந்தால் போதும். பிரான்சின் கார்ஃபூர் நிறுவனம் 2022இல் தன் சொந்த முத்திரை இயற்கைப் பொருள்களுக்கு இம்முறையைக் கொண்டுவந்தது. உழவரின் படத்தையும் பெயரையும் அவருடைய எழுத்துப்பூர்வ இசைவின்றிப் போடாதீர்கள். எல்லாப் பைகளுக்கும் ஒரே குறியீட்டை அச்சிட்டால் அதை நகலெடுத்து வேறு அரிசியின் மேல் ஒட்டுவது எளிது. பைக்கு ஒரு தனி எண் இருந்தால், ஒரே எண் சென்னையிலும் மதுரையிலும் ஒரே நாளில் ஸ்கேன் செய்யப்படும்போது எச்சரிக்கை எழும்.

அமைப்பு இயங்கத் தொடங்கியதும் ஒரு பருவம் முழுவதும் ஒரே ரகத்தை, ஒரே ஆலையை மட்டும் கொண்டு நடத்துங்கள். வால்மார்ட் நிறுவனம் தன் முன்னோட்டத்தில் ஒரு மாம்பழப் பொட்டலம் வந்த வழியைக் கண்டறிய ஏறக்குறைய ஏழு நாள் ஆனதை 2.2 நொடியாகக் குறைத்தது பலமுறை மேற்கோள் காட்டப்படுகிறது. நமக்கு நொடிக்கணக்கு முக்கியமில்லை. எடைக் கணக்கு ஒத்துவருகிறதா என்பதே முக்கியம். கடையிலிருந்து ஏதேனும் ஒரு பையை எடுத்து, அதில் எந்தெந்த வயல்களின் நெல் உள்ளது என்று பின்னோக்கிக் கேளுங்கள். பிறகு அவற்றுள் ஒரு வயலை எடுத்து, அதன் நெல் எந்தெந்தப் பைகளாக எந்தக் கடைகளுக்குச் சென்றது என்று முன்னோக்கிக் கேளுங்கள். கிடைத்த பைகளின் எடையும் கிடங்கில் மிஞ்சியதும் சேர்ந்து அரவை எடைக்குச் சமமாக வேண்டும். சமமாகாத இடத்தில் மென்பொருளைத் திருத்துவதற்கு முன், அந்த ஆலைக்கோ கிடங்குக்கோ நேரில் சென்று தராசைப் பாருங்கள்.