‘கொழும்பு’ என்ற கோப்பு காணவில்லையா? பைத்தானில் பாதைகளைக் கையாளும் முறை

வெள்ளவத்தையில் உள்ள ஒரு சிறிய அச்சகத்துக்கு, திருமண அழைப்பிதழ்க் கோப்புகளை ஆண்டு வாரியாக, ஊர் வாரியாகப் பிரித்து அடுக்கும் நிரல் ஒன்றை பைத்தானில் எழுதிக் கொடுத்தேன். கடைக் கணினி விண்டோஸ், என் மடிக்கணினி லினக்ஸ். இரண்டிலும் ஒரே நிரல் ஓட வேண்டுமானால், கோப்பு இருக்கும் இடத்தைச் சொல்லும் பாதையை வெறும் சரமாக (எழுத்துத் தொடராக) நினைத்து ஒட்டுவதை முதலில் விட்டுவிடுங்கள்.

விண்டோஸ் பாதைகளில் பின்சாய்கோடு வரும். நல்லூர் என்ற கோப்புறைக்கு ஆங்கிலச் சின்ன ‘என்’னில் தொடங்கிப் பெயர் வைத்திருந்தால், சரத்துக்குள் அந்தக் கோடும் ‘என்’னும் சேர்ந்து புது வரியாகிவிடும். பாதை நடுவில் உடையும்.

பைத்தான் 3.4 வெளிவந்த 2014 முதல், பாதைகளைக் கையாளும் ‘பாத்லிப்’ என்ற தொகுதி கூடவே வருகிறது. தனியாக எதையும் நிறுவ வேண்டாம். அதிலுள்ள ‘பாத்’தை இப்படிப் பயன்படுத்துங்கள்:

பாத்("அழைப்பிதழ்கள்") / "2024" / "கொழும்பு.பிடிஎஃப்"

எந்தக் கணினியில் எந்தக் கோடு என்பதை அதுவே பார்த்துக்கொள்ளும். ஒன்று மட்டும் கவனம்: வலப்பக்கத் துண்டு சாய்கோட்டில் தொடங்கினால், லினக்ஸில் இடப்பக்கம் முழுவதும் போய்விடும், பிழைச்செய்தியும் வராது. பயனர் தட்டச்சிட்ட பெயரை அப்படியே சேர்க்காதீர்கள்.

கோப்புறை உருவாக்க ‘எம்கேடிர்’. அதில் ‘பேரன்ட்ஸ்’, ‘எக்ஸிஸ்ட் ஓகே’ இரண்டையும் ‘ட்ரூ’ ஆக்கிவிட்டால், இடையில் இல்லாததையும் உருவாக்கும், ஏற்கெனவே இருந்தாலும் முறையிடாது. தமிழ் உரையை வாசிக்கும்போது என்கோடிங் (எழுத்துகளைச் சேமிக்கும் குறியீட்டு முறை) ‘யுடிஎஃப்-8’ என்று கட்டாயம் எழுதுங்கள், இல்லாவிட்டால் விண்டோஸில் எழுத்துகள் சிதையலாம்.

சரி, என்னை ஒரு மாலை முழுக்க உட்கார வைத்த சிக்கலுக்கு வருகிறேன். வடிவமைப்பாளரின் மேக்கிலிருந்து ஸிப்பாக வந்த ‘கொழும்பு.பிடிஎஃப்’ திரையில் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. ‘எக்ஸிஸ்ட்ஸ்’ என்று கேட்டால் ‘ஃபால்ஸ்’ என்கிறது. கோப்புப் பெயரின் ஸ்டெம்மை, அதாவது ‘.பிடிஎஃப்’ நீங்கிய பகுதியை, எடுத்து நீளம் பார்த்தேன்: 9. நானே தட்டச்சிட்ட ‘கொழும்பு’ 8. ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், எகரக் கொம்பும் காலுமாகப் பிரித்து இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று, லினக்ஸுக்கு வெவ்வேறு பெயர். கொழும்பு, கோண்டாவில், கொக்குவில் என்று நம் ஊர்ப்பெயர்களில் இந்தக் கொம்பும் காலும் எத்தனை!

அதனால் வெளியிலிருந்து வரும் கோப்புகளைப் பிரிக்கும் முன்னரே இதைச் செய்யுங்கள். கோப்புறையில் உள்ளவற்றை ஒவ்வொன்றாகத் தரும் ‘இட்டர்டிர்’ கொடுக்கும் பாதைகளை முதலில் ஒரு பட்டியலாக எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒவ்வொன்றின் ‘நேம்’ஐயும் பைத்தானோடு வரும் ‘யூனிகோட்டேட்டா’ தொகுதியின் ‘நார்மலைஸ்’ வழியாக, பிரிந்த கொம்பையும் காலையும் ஒரே குறியீடாகச் சேர்க்கும் ‘என்எஃப்சி’ வடிவத்துக்கு மாற்றுங்கள். பெயர் மாறியிருந்தால் ‘வித்_நேம்’ கொண்டு புதுப் பாதையை அமைத்து, அங்கே ஏற்கெனவே கோப்பு எதுவும் இல்லை என்று பார்த்துவிட்டு ‘ரீநேம்’ செய்யுங்கள். லினக்ஸில் அந்த இடத்தில் கோப்பு இருந்தால் கேட்காமலே அதன்மேல் எழுதிவிடும்.